சரளைக் காட்டில் கால் ஊன்றிய கதை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்கு வேலி சாதாரண விஷயமல்ல. மழை குறைந்த பூமி இது. வெள்ளாமையைவிட மாடும் ஆடும்தான் பல குடும்பங்களைக் காப்பாற்றின. மாட்டை ஆள் வைத்து மேய்க்காமல், காட்டைச் சுற்றி வேலி போட்டு உள்ளே விட்டுவிடுவது நம் வழக்கம். அதனால் வேலி கெட்டியாக இருந்தால்தான் வீட்டில் நிம்மதி.

இப்போது டிராக்டரின் பின்னால் மாட்டிக் குழி போடும் மெஷின் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. ஆகர் என்கிறார்கள், போஸ்ட் ஹோல் டிக்கர் என்கிறார்கள், "குழி போடற மிசினு" என்றும் சொல்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் டிராக்டர் மெக்கானிக் பிரிவில் பல வருஷம் பாடம் நடத்தியவன் என்பதால், "எந்த மெஷின் வாங்கலாமுங்க? எத்தனை எச்.பி. வேணும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்கிற பலரும் பட்டணத்து வேலையை விட்டு, அப்பாவின் காட்டைப் பார்க்க வந்த பிள்ளைகள். சேர்த்து வைத்த காசில் வாங்குகிறார்கள். அது பாறையில் சுற்றிச் சுற்றிப் புகை கிளப்பினால் காசு மட்டும் போவதில்லை. விவசாயமே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

எச்.பி.யில் மட்டும் இதற்குப் பதில் இல்லை. இந்த மெஷின் எந்த மண்ணில் பிறந்தது, நம் மண்ணில் இதற்கு முன்னால் குழி எப்படிப் போட்டார்கள் என்ற இரண்டு கதைகளும் தெரிந்தால் பதில் தானாகக் கிடைக்கும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கால் என்ற சொல்

நம் மொழியில் தூணுக்கும் கால் என்றுதான் பெயர். பந்தக்கால், முகூர்த்தக்கால், கல்லுக்கால். கல்யாணமோ கோவில் நோம்பியோ, முதல் காரியம் ஒரு குழி எடுத்துக் கால் ஊன்றுவது. வீரனுக்கு வைத்த கல்லை நடுகல் என்றார்கள். நட்ட கல் என்பதுதான் அதன் அர்த்தம். ஆக, கல்லை மண்ணில் ஊன்றும் வேலை நமக்கு ரொம்பப் பழையது.

சென்னிமலை பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை எல்லோருக்கும் தெரியும். அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. கூடவே பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் உண்டு. தரையைத் தோண்டி, பெரிய பெரிய பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அமைத்த கற்பதுக்கைகள், அவற்றைச் சுற்றிக் கல்வட்டங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தச் சரளை பூமியைக் குடைந்து அவ்வளவு கனமான கல்லை நிறுத்தத் தெரிந்திருக்கிறது. இரும்பும் கல்லும் அருகருகே இருந்த ஊரில் அந்த வேலை வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

குழியே இல்லாத வேலி

ஆனால் நம் முன்னோர் வேலிக்காகப் பெரும்பாலும் குழி எடுக்கவே இல்லை. அவர்கள் வைத்தது கிளுவை வேலி.

கொறங்காடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் முள் கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. காங்கேயம் மாடு வளர்ந்த வீடு அதுதான். கிளுவையைப் போத்தாக வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். ஒரு சாண் மண் கிடைத்தால் போதும். அதன் பிறகு வேரே சரளைக்குள் வழி தேடிக்கொள்ளும். மண் எங்கே கெட்டி, எங்கே பொதபொதப்பு என்ற கவலை மனிதனுக்கு இல்லை. சில வருஷத்தில் பாம்பு நுழையலாம், ஆடு நுழைய முடியாது என்கிற அளவுக்கு அடர்ந்துவிடும்.

கிளுவைக்குக் கழிக்கும் வேலை உண்டு. வருஷா வருஷம் ஆள் இறங்கி வெட்டிக் கட்ட வேண்டும், சந்து விழுந்த இடத்தில் போத்து செருக வேண்டும். அகலமும் பிடிக்கும். நிலம் பாகம் பிரிந்து, ஆள் கூலி ஏறி, பக்கத்துக் காட்டுக்காரர் "உன் வேலி என் காட்டுக்குள்ள வந்துருச்சு" என்று சண்டைக்கு வந்த காலத்தில், கம்பி வேலி சௌகரியமாகத் தெரிந்தது. கம்பிக்குக் கால் வேண்டும், காலுக்குக் குழி வேண்டும். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

கடப்பாரையும் கொட்டாங்குச்சியும்

நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. பாறையில் வரிசையாக உளியால் சின்னச் சின்னக் குழி செதுக்கி, அதில் இரும்பு ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால், கல் நூல் பிடித்தாற்போலப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த ஏழடிக் கல்லுக்கால்கள் கட்டுத்தரைக்கும், கொடிப்பந்தலுக்கும், வேலிக்கும் வந்தன. கரையான் அரிக்காது, துருப் பிடிக்காது, தாத்தா ஊன்றினால் பேரன் காலத்திலும் நிற்கும்.

ஏழடிக் கல்லை இரண்டடி ஆழத்தில் இறக்குவது வழக்கம். இதற்கு மம்பட்டியால் குழி வெட்டினால், ஆள் குனிந்து மண் அள்ள இடம் வேண்டுமே என்று ஒன்றரை அடிச் சதுரமாவது ஆகிவிடும். கணக்குப் போட்டால் நாலரை கன அடி மண். அதே ஆழத்துக்கு ஒன்பது அங்குல வட்டக் குழி என்றால் ஒரு கன அடிகூட வராது. ஐந்தில் ஒரு பங்கு வேலை. அதோடு, குறுகலான குழியில் சுற்றியுள்ள மண் கலையாமல் இருப்பதால் கால் ஆடாது.

நம் பக்கத்துக் குழி எடுக்கிற ஆட்களுக்கு இந்தக் கணக்குக் கைவந்திருந்தது. அவர்கள் கடப்பாரையை மட்டும் வைத்துக்கொண்டு, நேராகக் குத்திக் குத்தி, இளகிய மண்ணைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே போடுவார்கள். கடைசியில் தோள் வரை கையை விட்டு அள்ளுவார்கள். பார்த்தால் மெஷின் போட்ட குழி மாதிரியே இருக்கும். கெட்டியான இடத்தில் முந்தின நாள் சாயந்தரமே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள்.

எங்கள் மேட்டாங்காட்டுக்குக் கல்லுக்கால் ஊன்றியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். குழி எடுக்க வந்த பெரியவர் முதலில் தோண்டவில்லை. கயிறு பிடித்த கோட்டிலேயே கடப்பாரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு இடத்தில் நின்று அப்பாவிடம், "ஏனுங்க, இங்க ஊன வேண்டாமுங்க. அடியில ஒரே பாறைங்க. ரண்டடி அக்கட்ட தள்ளி ஊனிக்கலாமுங்க" என்றார். மேலே பார்த்தால் அதே செம்மண்தான். அப்பாவும் மறுபேச்சு பேசாமல் அடையாளக் கல்லை எடுத்துத் தள்ளி வைத்தார்.

அவர் காதில் விழுந்தது மூன்று விதமான சத்தம். "சொத்" என்றால் மண். "கரக்" என்றால் சரளை, சுக்கான்கல், அல்லது மக்கிப்போன பாறை. "ணங்" என்று கையில் அதிர்ந்தால் கருங்கல். இந்த மூன்று சத்தங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் தேர்ந்தெடுக்கும்போது மறுபடியும் தேவைப்படும்.

எல்லைக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நில அளவையில் நட்ட சர்வே கல்லைப் பராமரிப்பது பட்டாதாரரின் பொறுப்பு என்று 1923-ம் வருஷத்துச் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தில் கடப்பாரைக்காரர் சர்வே கல்லை ஒரு சாமிக் கல் போல ஒதுக்கிவிட்டுத்தான் குழி எடுப்பார். மெஷின் வைத்திருப்பவருக்கு டிராக்டர் மேலிருந்து அது கண்ணில் படாது. முதலில் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிடுங்கள்.

கல்லில்லாத நாட்டில் பிறந்த மெஷின்

இனி அமெரிக்கா. அங்கே நடுப்பகுதியில் இல்லினாய் என்ற மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் போன்ற ஆழமான கறுப்பு மண், பெரும்பாலும் கல்லே கிடையாது. மரமும் குறைவு. அங்கே குடியேறிய விவசாயிகளுக்கும் நம்மைப் போல மாட்டை எப்படித் தடுப்பது என்பதே பிரச்சினை. அவர்களும் முதலில் உயிர்வேலிதான் வைத்தார்கள். ஓசேஜ் ஆரஞ்சு என்று ஒரு முள் மரம். 1840-களில் ஜோனதன் டர்னர் என்ற பேராசிரியர் அதை ஊர் ஊராகப் பரப்பினார். நம் கிளுவைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வருஷா வருஷம் கழிக்கும் தொல்லை இருந்தது.

1874-ல் அதே இல்லினாயில் டிகால்ப் என்ற ஊர் விவசாயி ஜோசப் கிளிடன், முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். காபிக் கொட்டை அரைக்கும் மிஷினைத் திருத்தி முள் முறுக்கினார் என்பது பிரசித்தமான கதை. இரண்டு கம்பியை முறுக்கி நடுவில் முள்ளை நகராமல் பிடித்ததுதான் அவர் சாமர்த்தியம். கொஞ்ச வருஷத்துக்குள் உயிர்வேலிகள் போய்க் கம்பி வந்தது. வெட்டின ஓசேஜ் ஆரஞ்சு மரமே அந்தக் கம்பிக்குக் காலாகவும் ஆனது. கல்லில்லாத மண், லட்சக்கணக்கில் குழிகள். திருகு போட்ட இரும்புக் கருவியை மண்ணில் இறக்கித் திருப்பினால் மண் மேலே ஏறிவரும் என்ற யோசனைக்கு அதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. தச்சர் மரத்தில் துளை போடுவதை மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த கட்டம் அயர்லாந்தில். ஹாரி ஃபெர்குசன் என்ற மெக்கானிக். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைச் சங்கிலி கட்டி இழுப்பது போல இழுப்பார்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையில் கலப்பை மாட்டிக்கொண்டால், சக்கரம் நிற்காமல் சுற்ற முயல, டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் மல்லாந்துவிடும். ஓட்டுநர்கள் செத்துப்போனார்கள். ஃபெர்குசன் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று புள்ளிகளில் கலப்பையை டிராக்டரோடு சேர்த்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும்படி செய்தார். இப்போது கலப்பை பாறையில் மாட்டினால் அந்த விசை முன்சக்கரத்தைத் தரையோடு அமுக்கும். 1938-ல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்து, 1939-ல் ஃபோர்டு 9 என் டிராக்டரில் இந்த அமைப்பு வந்தது. 1946 முதல் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் ஃபெர்குசனின் சாம்பல் நிற டிஇ 20 வந்தது. அதற்கென்று மாட்டிக் கழற்றும் கருவிகள் ஏராளமாகச் செய்தார்கள். குழி தோண்டும் ஆகரும் அதில் ஒன்று.

பின்னால் ஃபெர்குசன் கம்பெனி மாஸி ஹாரிஸோடு சேர்ந்து மாஸி ஃபெர்குசன் ஆனது. 1960-ல் சென்னையில் டாஃபே ஆரம்பித்து, அந்தக் குடும்பத்து டிராக்டர் நம் காட்டுக்கும் வந்தது. நம் ஊரில் மாஸி 1035 ஓட்டாத டிரைவர் உண்டா? இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்தாலும் பின்னால் இருப்பது அந்த மூன்று புள்ளி இணைப்புத்தான்.

சிக்கல் எங்கே இருக்கிறது

டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. என்ற தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அது ஆகரின் தலையில் இருக்கும் கியர் பெட்டிக்குப் போய், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, திசை மாறி, செங்குத்தாக ஆகரைத் திருப்புகிறது. மண்ணில் திருகு இறங்க இறங்க அதுவே தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும். கறுப்பு மண்ணில் நன்றாக வேலை செய்யும்.

நம் சரளையில் திருகு பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேலிருந்து யாராவது அமுக்க வேண்டும். ஆனால் ஃபெர்குசன் வழி வந்த நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக், கருவியைத் தூக்கும். இறக்கும்போது கருவி தன் கனத்தால்தான் இறங்கும். கீழே அமுக்காது. கலப்பைக்கு அமுக்கத் தேவையில்லை. அதன் வடிவமே மண்ணுக்குள் இழுத்துச் செல்லும். பாறை மேல் நிற்கும் ஆகருக்கு அதுதான் தேவை, அதுதான் கிடைப்பதில்லை. அதனால் பல் ஒரே இடத்தில் தேய்ந்து, சூடேறி, கல்லுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு நிற்கிறது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். வேகம் கூடினால் தேய்மானம்தான் கூடும். ஐம்பது எச்.பி. டிராக்டர் மாட்டினாலும் இதே கதைதான். குறை இன்ஜின் பலத்தில் இல்லை, அமுக்கத்திலும் பல்லிலும் இருக்கிறது.

மூன்று சத்தத்துக்கு மூன்று பதில்

ஆகவே மெஷின் பார்க்கக் கடைக்குப் போகும் முன்னால், ஒரு கடப்பாரையோடு வேலிக் கோட்டில் நடந்து பாருங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் இரண்டடி ஆழத்துக்குச் சோதனை பாருங்கள்.

பெரும்பாலும் "சொத்" என்று இறங்கினால் சாதாரண ஆகரே போதும். நம் பக்கம் இருக்கும் 35 முதல் 45 எச்.பி. டிராக்டர் தாராளம். சிமென்ட் கால் நாலு அங்குலச் சதுரம் என்றால் மூலைக்கு மூலை ஐந்தே முக்கால் அங்குலத்துக்குள் வரும். ஒன்பது அங்குல ஆகரில் மண்ணைச் சுற்றிலும் இடிக்க இடம் இருக்கும். ஆறு அங்குலச் சதுரக் கல்லுக்கால் என்றால் மூலைக்கு மூலை எட்டரை அங்குலம். கல்லுக்காலில் மேடு பள்ளமும் இருக்கும். அதற்குப் பன்னிரண்டு அங்குலம்தான் சரி. தேவைக்கு மேல் பெரிசு வாங்காதீர்கள். ஆறு அங்குலக் குழிக்கும் பன்னிரண்டு அங்குலக் குழிக்கும் வெட்ட வேண்டிய பரப்பு நாலு மடங்கு வித்தியாசம்.

"கரக்" என்ற சத்தம் அதிகமானால்தான் நீங்கள் நிஜமாக மெஷின் தேர்ந்தெடுக்கிறீர்கள். பார்க்க வேண்டியவை இவை. முதலில் பல். தட்டையான மண்வெட்டிப் பல் இதற்கு ஆகாது. நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த, தோட்டா வடிவப் பல் வேண்டும். நம் லேத் பட்டறையில் விடியா என்கிறார்களே, அதேதான். 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் குருப் கம்பெனி வைத்த பெயர். வைரம் போல என்ற அர்த்தத்தில் வந்த சொல். பற்களைத் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், மாற்றுப் பல் பக்கத்து டவுனில் கிடைக்க வேண்டும். சரளைக் காட்டில் மெஷின் விலை ஒரு தரம், பல் விலை பல தரம்.

இரண்டாவது, கனம். லேசான மெஷின் மலிவாகக் கிடைக்கும். கெட்டி நிலத்தில் துள்ளும். கனமான கியர் பெட்டியும் தடித்த திருகும் உள்ளதைப் பாருங்கள். கீழே அமுக்குவதற்குத் தனி ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்த மாடல்கள் உண்டு. உங்கள் டிராக்டரில் அதற்கு எண்ணெய் எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஓட்டும் விதம். இன்ஜின் வேகத்தைக் குறைத்து, அரை அடிக்கு ஒரு தரம் தூக்கி மண்ணை உதறிவிட்டு இறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும் பழைய வழி இங்கேயும் உதவும். செம்மண் இளகும், சுக்கான் இளகாது.

தலை அளவு கற்கள் மண்ணோடு கலந்து கிடக்கும் காடு வேறு ரகம். ஆகர் அந்தக் கல்லை வெட்டவும் முடியாமல், தூக்கவும் முடியாமல் உதைக்கும். அங்கே கடப்பாரை ஆள்தான் மலிவு.

"ணங்" என்றால் ஆகரை மறந்துவிடுங்கள். விடியா பல்லும் கருங்கல்லைக் குடையாது. இந்த இடத்தில் நம் பக்கத்துக்குச் சொந்தமான ஒரு பதில் உண்டு. கொங்குநாட்டுக் கிணறுகள் பாறையைக் குடைந்து இறங்கியவை. கையால் உளி பிடித்துத் தமரு போட்டு வேட்டு வைத்தார்கள். தமர் என்றால் துளை. தச்சரின் துளைக்கருவிக்குத் தமரூசி என்று பழைய பெயரே உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கவலை போய் மோட்டார் வந்தது. தண்ணீர் வேகமாக இறைபட்டது, கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேண்டி வந்தது, கை உளிக்குப் பதில் கம்ப்ரஸரும் ஜாக்ஹேமரும் இறங்கின. அதன் தொடர்ச்சியாகத்தான் திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளின் தலைநகரமாகி, நம் ஆட்கள் இந்தியா முழுக்க, ஆப்பிரிக்கா வரைக்கும் துளை போடுகிறார்கள்.

பாறையைச் சுற்றித் திருகக் கூடாது, அடித்துக்கொண்டே திருப்ப வேண்டும் என்பதை அந்தத் தொழில் அறிந்து வைத்திருக்கிறது. டிராக்டர் கம்ப்ரஸர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்குக் கூப்பிட்டு, பாறை வரும் இடங்களில் மட்டும் சுமார் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு, கம்பி இறக்கி, சிமென்ட் ஊற்றி, அதில் இரும்புக் காலைப் பற்றவைத்துவிடலாம். அல்லது அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி, கோடு மாறாமல் இரண்டடி முன்னேயோ பின்னேயோ தள்ளி ஊன்றலாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதற்கும் ஒரு கணக்கு. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 84 குழி. ஐந்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் 1,867 அடி, 187 குழி. நிலம் ஐந்து மடங்கானாலும் குழி இரண்டேகால் மடங்குதான். தன் காட்டுக்கு மட்டும் என்றால் வாங்கத் தேவையில்லை. ஊருக்கு வாடகை ஓட்டுவதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அப்படி வாங்குகிறவரும், அதே மாதிரி மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தன் காட்டிலேயே பத்துக் குழி போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. தென்னைக்குக் குழி போடவும் உதவும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடிக் குழி வேண்டும். பன்னிரண்டு அங்குல ஆகர் அதைத் தராது. மற்ற மரக்கன்றுக்கு ஆகர் குழி போடும்போது, ஈர மண்ணில் சுவர் மெழுகினாற்போல ஆகிவிடும். வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். கடப்பாரையால் சுவரை நாலு கீறல் கீறிவிட்டு நடுங்கள்.

உயிர் விஷயம்

பி.டி.ஓ. தண்டு 540 சுற்று என்பது, ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. தோளில் போட்ட துண்டின் நுனி, வேட்டித் தலைப்பு, சேலை முந்தானை எதுவானாலும் அதில் பட்டால் "ஐயோ" என்று சொல்வதற்குள் ஆளை இழுத்துவிடும். தண்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். அது உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். உறை இல்லாத மெஷினை உங்கள் காட்டுக்குள் விடாதீர்கள். "கொஞ்சம் மேல ஏறி நின்னு அமுக்குங்க" என்று மெஷின் மேல் ஆளை நிற்கவைப்பதையும் பார்த்திருக்கிறேன். அமுக்கம் வேண்டும் என்று முன்னே சொன்னேனே, அதற்கு மனிதன் பாரமாக முடியாது.

இன்னொன்று, ஷியர் போல்ட். கல்லில் மாட்டினால் இந்தப் போல்ட் முறிந்து, கியர் பெட்டியைக் காப்பாற்றும். வீட்டுப் பியூஸ் மாதிரி. அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். பியூஸ் போகிறதென்று தடித்த கம்பி போடுவதும் இதுவும் ஒன்றே. சரளைக் காட்டுக்குப் போனால் பாக்கெட்டில் பத்து ஷியர் போல்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிப் கிளட்ச் உள்ள தண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆகர் குழிக்குள் மாட்டிக்கொண்டால் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பைப் ரெஞ்சால் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

கேட்டு எழுதி வையுங்கள்

கிளுவை வேலி நல்ல நிலையில் இருப்பவர்கள் அதை வெட்டிவிட்டுக் கம்பி போட அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். சந்து விழுந்த இடத்துக்கு மட்டும் கால் ஊன்றினால் போதும். பாறை மேல் ஒரு சாண் மண் இருந்தால் போத்தை நட்டுப் பாருங்கள்.

கம்பிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் இன்னும் ஒன்றிரண்டு பேர், கிணறு வெட்டினவர்கள், கல்லுக்கால் ஊன்றினவர்கள், எண்பது வயதைத் தாண்டி இருக்கிறார்கள். எந்தக் காட்டில் எத்தனை அடியில் சுக்கான், எந்த மேட்டில் பாறை தலை காட்டுகிறது, எந்தப் பள்ளத்தில் மண் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தச் சர்வே படத்திலும் அது இல்லை. மெஷின் கடைக்குப் போகும் முன் ஒரு நாள் அவர்களைக் கைத்தாங்கலாகக் காட்டுக்குக் கூட்டிப்போய் நடக்கவிடுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் படம் போட்டு, கூடவே தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த தடவை போர் போடவோ, குழாய் பதிக்கவோ, வீட்டுக்குக் கடகால் எடுக்கவோ அந்த நோட்டுத்தான் முதலில் தேவைப்படும்.